சோப்பு யானைக்காரர் வெளியே வந்தார்

“படத்துக்கு முடிவே இல்லாமப் போச்சு வாத்தியாரே” என்றாள் கமலவேணி.

மத்தியச் சிறை வாசலில், துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார் இருதயராஜ். பதினாலு வருசம் உள்ளே இருந்தவர். வெளியே வந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

“என்னம்மா ஆச்சு?”

“நீங்க வெளியே வந்தது பதிவாகலை. வெளிச்சத்தையே சரிபண்ணிக்கிட்டு இருந்துட்டேன். கேமராப் பொத்தானை அமுக்கலை.”

கைதிகளின் கைவேலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவள் அவள். அவரோ, குளிக்கக் கொடுக்கும் சோப்பில் யானை செதுக்குகிறவர். அப்படி ஒரு யானைக்கு வார்டர் ஒருவர் வாழைப்பழம் நீட்டியதாகவும், அது வேண்டாமென்று தலையாட்டியதாகவும் ஒரு பேச்சு உண்டு. நம்புவது உங்கள் இஷ்டம்.

ஏழு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கமலவேணியும் செதுக்கக் கற்றாள். அவளுடைய யானையைப் பார்த்தவர்கள், பன்றி நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள்.

இந்தக் கடைசிக் காட்சி இல்லாவிட்டால் அத்தனை மாத உழைப்பும் அந்தரத்தில் நிற்கும்.

“ஒரே ஒரு தடவை உள்ளே போயிட்டுத் திரும்பி வந்துடுங்க. வார்டர் ஐயாகிட்ட கேட்டுட்டேன்.”

“ரெண்டு நிமிசம்னா நான் கண்டுக்கிட மாட்டேன்” என்றார் வாசலில் நின்ற வார்டர்.

இருதயராஜ் பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார்.

“யானைக் காதை எனக்காகப் பதினோரு தடவை செதுக்கிக் காட்டினீங்களே.”

“அது சோப்பும்மா.”

“பத்தே அடி. கதவைச் சாத்தணும், திறக்கணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

பையைக் கீழே வைத்தார். கேமராவுக்குக் கை நீட்டினார். கொடுத்தாள்.

“எதை அமுக்கணும்?”

காட்டினாள்.

“சரி. முதல்ல நீங்க போயிட்டு வாங்க. எப்படி வரணும்னு பார்த்துக்கிடுதேன்.” வார்டர் பக்கம் திரும்பினார். “அம்மா உள்ளே போனதும் பூட்டிருங்க ஐயா. எப்பத் திறக்கணும்னு நான் சொல்லுதேன்.”

வார்டர் பெரிய கதவில் இருந்த குட்டிக் கதவைத் திறந்து, மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

ஏழு மாதமாக அவள் தினமும் குனிந்து நுழைந்த கதவுதான்.

கால் எழவில்லை.

“போங்கம்மா” என்றார் இருதயராஜ். “கேமரா ஓடுது.”