நீக்கிய வரிசைகள்

எஸ்தர் மேடத்திடம் ஒன்று கேட்டால் உடனே பதில் வராது. மாணவர்கள் அதை மண்டைக்கனம் என்பார்கள். கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டுதான். கல்லூரிக்கு வருவதற்கு முன் ஒரு கடன் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தவர். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "கேன்டீன் சாப்பாடு சரியில்ல" என்பார்.

கோமதி அவரிடம் மெஷின் லேர்னிங் படித்தாள். படித்தாள் என்பதைவிட, சந்தேகம் சந்தேகம் என்று அவர் பின்னாலேயே திரிந்தாள் என்று சொல்லலாம். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. கெட்டிக்காரி.

அவளுக்கு ஒரு குறை. முதல் செமஸ்டர் கணக்குப் பரீட்சை அன்று டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அது அரியராகப் பதிந்துவிட்டது. அடுத்த செமஸ்டரிலேயே எழுதி, வகுப்பில் முதல் மார்க்கும் வாங்கினாள். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகள் எல்லாமே ஒன்றைத்தான் சொல்லின. படிப்பில் ஒரு தடவைகூட அரியர் வந்திருக்கக் கூடாது. கூட்டாளிகள் இன்டர்வியூவுக்கு உள்ளே போக, கோமதி வெளியே உட்கார்ந்து அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது கோயம்புத்தூரில் ஒரு ஹேக்கத்தான். இரண்டு நாளில், கொடுத்த சிக்கலுக்கு ஒரு புரோகிராம் செய்து காட்ட வேண்டும். நடத்தியது ஒரு நிதி நிறுவனம். கடன் கேட்டு வருகிறவர் திருப்பிக் கட்டுவாரா மாட்டாரா என்று கம்ப்யூட்டரே மதிப்பெண் போட வேண்டும், அதுதான் சிக்கல். ஜெயிக்கிற டீமுக்கு அங்கேயே இன்டர்வியூ என்று அறிவித்திருந்தார்கள். அரியரைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இதை விட்டா எனக்கு வேற வழி இல்ல மேடம்," என்றாள் கோமதி.

"தெரியும். நானும் கூட வர்றேன்," என்றார் எஸ்தர்.

கோமதியோடு படிக்கும் செல்வினும் முகைதீனும் டீமில் சேர்ந்துகொண்டார்கள். நால்வரும் ரயிலேறினார்கள்.

முதல் நாள் மத்தியானம். கடனுக்கு மனு போட்ட பழைய ஆட்களின் விவரங்களை நிறுவனம் கொடுத்திருந்தது. அதைப் பார்த்துப் பழகித்தான் அவர்கள் செய்யும் புரோகிராம், அதாவது மாடல், புது ஆளுக்கு மதிப்பெண் போடும். ஆளுக்கு ஒரு வரிசை. வயசு, தொழில், வருமானம், ஊர். கடைசிக் கட்டத்தில் ‘கட்டினார்' அல்லது ‘கட்டவில்லை'. கடன் மறுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. கோமதி ஒரே ஒரு கட்டளை அடித்தாள். காலிக் கட்டம் உள்ள வரிசைகள் எல்லாம் போய்விட்டன.

எஸ்தர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கள்லாம் எங்க?"

"யாரு மேடம்?"

"இப்ப தூக்கினியே."

"அவங்களுக்குக் கடனே குடுக்கல மேடம். குடுத்திருந்தா கட்டியிருப்பாங்களா மாட்டாங்களான்னு யாருக்குத் தெரியும்? பதிலே இல்லாம மாடலுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

"சரி."

"எல்லா டீமும் தூக்கிட்டாங்க மேடம். காலி வரிசையைத் தூக்கிரலாம்னு நீங்களே கிளாஸ்ல சொல்லிருக்கீங்க."

"சொன்னேன்."

"அப்ப இது தப்பா, சரியா?"

"வா, டீ குடிச்சிட்டு வருவோம்," என்றார் எஸ்தர்.

டீ தண்ணியாக இருந்தது. எஸ்தர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எங்க கம்பெனியில சிவசைலம்னு ஒரு மேனேஜர் இருந்தார். நல்ல மனுஷன். கடன் கேட்டு யாராவது துணைக்கு ஆள் இல்லாம தனியா வந்தா குடுக்க மாட்டார்."

"ஏன் மேடம்?"

"கூட வர ஒரு ஆள் இல்லாதவனுக்கு நாளைக்கு ஒரு கஷ்டம்னா யாரு நிப்பா, அப்படின்னு ஒரு கணக்கு. அவர் கிளையில பாக்கியே நிக்காது. தலைமை ஆபீஸ்ல கூப்பிட்டு ஷீல்டு குடுத்தாங்க. மத்த கிளையும் இவரைப் பாத்துக் கத்துக்கணும்னு சுற்றறிக்கை வேற."

"தனியா வந்தவங்க என்ன ஆனாங்க?"

"தனியாவே திரும்பிப் போனாங்க. வேற என்ன ஆவாங்க?"

கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவர் கணக்கு தப்புன்னு என்னைக்காவது அவருக்குத் தெரிஞ்சுதா மேடம்?"

"எப்படித் தெரியும்? சந்தோஷமா ரிடையர் ஆனார். பிரிவு விழாவுல நான்தான் வரவேற்புரை."

உள்ளேயிருந்து முகைதீன் கூப்பிட்டான். மாடல் ஓடி முடிந்திருந்தது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று சரியாகச் சொல்வதில் அவர்கள் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். கோமதி டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். எஸ்தர் அந்தத் தண்ணி டீயை முழுசாகக் குடித்துவிட்டு மெதுவாக வந்தார்.

மறுநாள் மேடையில் கோமதி பேசினாள். தெளிவாகத்தான் பேசினாள். நடுவர்களில் ஒரு பெரியவர் மைக்கை வாங்கினார்.

"வேண்டாம்னு உங்க மாடல் ஒதுக்குற ஆட்கள் இருக்காங்களே, அவங்கள்ல நல்லவங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"அதைச் சோதிச்சுப் பாக்க வழியில்லை சார்," என்றாள் கோமதி. "சோதிச்ச வரைக்கும் எங்க மாடல் நல்லாத்தான் சொல்லுது."

கூட்டம் கைதட்டியது. பெரியவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள்தான் ஜெயித்தார்கள். செல்வின் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேச முடியாமல் அழுதான். நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்து மூன்று பேரிடமும் ஒரு ஃபார்ம் கொடுத்து, படிப்பு விவரம் எழுதி வாங்கிப் போனாள். கோமதி போன் பண்ணவில்லை. இன்டர்வியூ முடியட்டும், சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெயர் கூப்பிட்டார்கள். செல்வின். அப்புறம் முகைதீன். அதோடு கதவைச் சாத்தினார்கள்.

கோமதி அந்த நிறுவனத்தின் அதிகாரியைத் தேடிப் போனாள். எஸ்தரும் கூடப் போனார். ரகுநந்தன் என்று பெயர், இளவயதுக்காரர். எழுந்து நின்று இருவரையும் உட்காரச் சொன்னார். அப்படிப்பட்ட ஆளிடம் சண்டைபோடவும் முடியாது.

"எனக்கும் வருத்தமாத்தாம்மா இருக்கு. டீம்ல நீங்கதான் நல்லாப் பண்ணீங்க. ஆனா உங்களுக்கு ஒரு அரியர் இருக்கே. ரூல் அப்படி."

"அதை அப்பவே எழுதி முடிச்சிட்டேன் சார்."

"இருந்தாலும் ஹிஸ்டரி இருக்குல்ல. கம்பெனி ஆரம்பிச்சதுலேருந்து இதே ரூல்தான். இப்படி எடுத்தவங்க யாரும் எங்களை ஏமாத்தினதில்ல."

"எடுக்காம விட்டவங்க சார்?"

"அவங்களைப் பத்தி எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் ரகுநந்தன். அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

கோமதி எழுந்துவிட்டாள். அவர் வாசல்வரை வந்தார்.

"மாடலையும் ரிப்போர்ட்டையும் சாயங்காலத்துக்குள்ள ஒப்படைச்சிடுங்க. அடுத்த மாசத்துலேருந்து எல்லாக் கிளையிலும் இதுதான் ஓடப்போகுது. உங்க பேர் போட்டே போகும்மா."

மாடிப்படியில் உட்கார்ந்து கோமதி அழுதாள். போகிற வருகிற பிள்ளைகள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதாள். எஸ்தர் இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அது வராது.

"நேத்தே நீங்க சொல்லியிருக்கலாம்ல மேடம்."

"சொன்னேனே."

"கதை சொன்னீங்க. தப்புன்னு சொல்லல."

"தப்புன்னு சொல்லியிருந்தா அந்த வரிசையையெல்லாம் திரும்பச் சேர்த்து மல்லுக்கட்டியிருப்ப. மாடல் மதிப்பெண் இறங்கியிருக்கும். தோத்திருப்ப." எஸ்தர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ ஜெயிக்கணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சு கோமதி."

கோமதிக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. ரகுநந்தன்மேல் வரவில்லை. எஸ்தர்மேல் வந்தது, அங்கேயும் நிற்கவில்லை. மேடையில் நின்று, சோதிக்க வழியில்லை என்று சொல்லிவிட்டுக் கைதட்டு வாங்கியவள்மேல் போய் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைக் குடுக்காம விட்டுட்டா என்ன மேடம்?"

"செல்வினும் முகைதீனும் உள்ள இருக்காங்க."

"குடுத்தா?"

"அடுத்த மாசம் கடன் கேட்டுக் கிளைக்கு ஆட்கள் வருவாங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் முகைதீன் சிரிக்கும் சத்தம் கேட்டது. இன்டர்வியூ நன்றாகப் போகிறது போல. முகைதீனின் வாப்பாவுக்கு இரண்டு வருஷமாக வேலை இல்லை. செல்வினுக்கு அப்பாவே இல்லை. அவள் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள்தான். அதனாலேயே அவளால் சொல்ல முடியவில்லை.

லேப்டாப்பைத் திறந்தாள். ரிப்போர்ட்டின் கடைசிக்குப் போய், புதிதாக ஒரு பக்கம் சேர்த்து அடிக்க ஆரம்பித்தாள். இந்த மாடல் கடன் கிடைத்தவர்களை மட்டுமே பார்த்துப் பழகியது. மறுக்கப்பட்டவர்களைப் பற்றி இதற்கு எதுவும் தெரியாது. இது ‘வேண்டாம்' என்று சொல்லும்போது அதை அப்படியே நம்ப வேண்டாம். மனிதர் ஒருவர் உட்கார வைத்து விசாரிக்கவும்.

அடித்து முடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள். எஸ்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்க. சேத்தே குடு."

"இதைப் படிப்பாங்களா மேடம்?"

எஸ்தர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மத்தியானம் ஒரு ஃபார்ம் வாங்கிட்டுப் போனாங்களே. அரியர் ஏன் வந்துச்சுன்னு அதுல எழுத இடம் விட்டிருந்தாங்களா?"

"விட்டிருந்தாங்க மேடம். டெங்கு, ஆஸ்பத்திரி, அடுத்த தடவை எடுத்த மார்க்கு, எல்லாத்தையும் எழுதினேன்."

"அதைப் படிச்சவங்கதான் இதையும் படிக்கணும்," என்றார் எஸ்தர்.