வாய்க்கால் பக்கம் திரும்பிய விளக்குகள்

நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது கழற்றிப்போட்ட பழைய தெருவிளக்குகள் பன்னிரண்டு, அவற்றைத் தாங்கும் நீண்ட இரும்புக் கைகளோடு எங்கள் பேரூராட்சிக்கு வந்து சேர்ந்தன. வாய்க்காலுக்கு அக்கரையில் நாற்பது வீடுகள் இருந்தும் அங்கே ஒரு கம்பம்கூடக் கிடையாது. ஆனால் தலைவர் தணிகாசலம் ஒயர்மேன் சங்கிலியைக் கூப்பிட்டார்.

“பன்னிரண்டும் என் தெருவுக்குத்தான். வாய்க்கால் ஓரமா நிக்கிற கம்பங்கள்ல மாட்டு. ஆனா என் மாடியில பொட்டு வெளிச்சம் விழக்கூடாது, தூக்கம் கெட்டுடும். விழுந்துச்சு, உன் வேலை போச்சு!”

சங்கிலி தினக்கூலி ஆள், எதிர்த்துப் பேச முடியுமா? “அப்படியே செய்றேன் ஐயா” என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஊரைக் கூட்டித் தலைவரே சுவிட்சைப் போட்டார். அவர் மாடி இருட்டு. தெருவும் மங்கல்தான். அக்கரை மட்டும் பட்டப்பகல்!

“என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?” என்று பல்லைக் கடித்தார்.

“ஐயா சொன்ன கம்பம்தான். மாடியில வெளிச்சம் விழக்கூடாதுன்னு கையை வாய்க்கால் பக்கம் திருப்பி முறுக்கிட்டேன். நெடுஞ்சாலைக் கை, நீளம் ஜாஸ்தி. அக்கரைக்கே எட்டிடுச்சு.”

“கழற்று” என்று தலைவர் வாயெடுப்பதற்குள் அக்கரைப் பெண்கள் பாலம் தாண்டி வந்துவிட்டார்கள். “இனி பாம்புக்குப் பயப்படாம நடப்போம். நீங்க நல்லா இருக்கணும் சாமி!” என்று கண் கலங்கிய பூவாத்தா, சங்கிலி காலையிலேயே வாங்கி வைக்கச் சொன்ன பொன்னாடையைத் தலைவருக்குப் போர்த்தினாள். போட்டோவும் எடுத்தாயிற்று. அதற்கப்புறம் எப்படிக் கழற்றச் சொல்வார்?

பொன்னாடை தலைவரோடு போயிற்று. சங்கிலியை அக்கரை விடவில்லை. நாற்பது வீட்டில் எந்த வீட்டில் சாப்பிடுவது என்பதுதான் அன்றைக்கு அவருக்கு விடை தெரியாத ஒரே கேள்வி.