ஒப்புதல் குமிழ்

தென்கரையார் இக்கதையைச் சொல்லும்போது ஆசானை ஆண் என்பர். வடகரையார் அவரைச் சாத்தி அம்மையார் என்பர். வடகரையார் சொல்வதே பழையது போலும். கதை முடியும் இடம் அவர்களிடம்தான் சிதையாமல் இருக்கிறது.

ஐந்து நாடுகள் தம் கோட்டை மதில்களில் அறிபொறிகளை நிறுத்தியிருந்த காலம். அறிபொறி என்பது தானே பார்த்து, தானே பகைவனைத் தேர்ந்து, தானே அம்பு எய்யும் இயந்திரம். பழைய போர்களையெல்லாம் காட்டிக் காட்டி அதைப் பழக்கியிருந்தார்கள். அதன் வேகத்துக்கு அதை வைத்திருந்தவர்களே அஞ்சினார்கள். ஆகவே ஐந்து அரசர்களும் கூடி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பொறியின் பக்கத்தில் ஒரு மனிதன் இருக்க வேண்டும். பொறி மணியடித்துக் கேட்கும். அவன் குமிழை அழுத்தி ஒப்பினாலன்றி அம்பு புறப்படாது.

அந்த வாசகத்தை எழுதியவன் கொற்றன். சாத்தி அம்மையாரின் மாணாக்கன். நீதிமன்றத்தில் இருந்தே தலை நரைத்தவன்.

ஒரு விடியலில் கொற்றனின் நாட்டு மதிலை நோக்கி ஆற்றைக் கடந்து ஒரு கூட்டம் வந்தது. தோள்களில் நீண்ட கழிகள். மதிலிலிருந்து "யார்?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பொறி மணியடித்தது. காவலன் எயினன் குமிழை அழுத்தினான்.

வந்தவர்கள் ஆற்றூர்க்காரர்கள். ஊரில் ஒரு சாவு. பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டிக்கொண்டு திரும்பியவர்கள். அப்படிப் போனவர்கள் வீடு சேரும்வரை வாய் திறப்பதில்லை, யார் அழைத்தாலும் பதில் சொல்வதில்லை என்பது ஆற்றோர வழக்கம். எயினனும் அந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். ஒரு பாடைக்கு மூங்கில் தேடிப் போனவர்களுக்கு ஊரே பாடை கட்ட வேண்டியதாயிற்று.

ஒப்பியவன் எயினன், ஆகவே போக வேண்டியது அவன் தலை என்று அரசன் சொல்லிவிட்டான். கொற்றன் தீர்ப்பு எழுதி முத்திரை இடுவதே பாக்கி. அந்நாட்டு மன்றத்தில் குற்றவாளி நிற்பதற்கென்று ஒரு கல் உண்டு. இரு பாதங்களுக்கு மேல் அதில் இடமில்லை. எயினன் அதில் ஏறி நின்றான். அழவில்லை.

"மணி அடித்தது, அழுத்தினேன். கொக்குக் கூட்டத்துக்கும் அடித்தது, மிதந்து வந்த மரத்துக்கும் அடித்தது. அன்று அது ஓயவே இல்லை" என்று மட்டும் சொன்னான்.

தீர்ப்புக்கு முந்தைய மாலையில் கொற்றன் அம்மையாரின் குடிலுக்குப் போனான். போகும்போதெல்லாம் வேலியோரத்துப் பவழமல்லிக் கன்றை முதலில் தொட்டுப் பார்ப்பான். இறந்த மகளின் நினைவாக அவனே நட்டது. அன்று தொடவில்லை. நேரே கீரைப்பாத்திக்குப் போனான்.

"அம்மா, விதி மீறப்படவில்லை. பொறி கேட்டது, மனிதன் ஒப்பினான். ஆனாலும் அவர்கள் செத்தார்கள். நான் யாரைத் தண்டிப்பது?"

"குந்து. களை எடுப்போம்."

"நாளை ஒரு தலை போகப் போகிறது."

"உன் வாசகப்படியே செய்வோம். நான் பொறி, நீ காவலன். நீ ஒப்பாமல் எதையும் பிடுங்க மாட்டேன்."

"இந்த முழங்காலை மடக்கி உட்காரும் வயதா எனக்கு?"

"உன்னைவிட மூத்த பொறி மடங்கியிருக்கிறதே."

கொற்றன் உட்கார்ந்தான்.

"இது?"

அவன் குனிந்து பார்த்தான். "கோரை. ம்."

"இது?"

இலையைப் புரட்டிப் பார்த்தான். "ம்."

அம்மையாரின் கை விரைந்தது. பாத்தியை விட்டு வேலிப் பக்கம் நகர்ந்தார்கள். கொற்றனின் கண் சாலையில் இருந்தது. மன்ற வாசலில் நின்ற எயினனின் மனைவி அவன் நினைவை விட்டுப் போகவில்லை.

"எயினனை விட்டுவிட்டால் ஆற்றூர் என்னைக் கேட்கும், அம்மா."

"இது?"

"ம். தண்டித்தால் அவன் மனைவி..."

"இது?"

"ம். கைக்குழந்தையோடு நிற்கிறாள்."

"இது?"

"ம்."

வேர் அறும் ஓசை கேட்டது. கொற்றன் திரும்பினான். அம்மையாரின் கையில் பவழமல்லிக் கன்று தொங்கியது. ஆணிவேர் மண்ணிலேயே நின்றுவிட்டது.



"அது என் மகளுடையது."

"கேட்டேன். ஒப்பினாய்."

"நான் பார்க்கவில்லை."

"பார்க்க வேண்டும் என்று உன் வாசகத்தில் இல்லை."

"உங்களுக்குத் தெரியுமே, அம்மா. தெரிந்தே பிடுங்கினீர்கள்."

"தெரிந்தே பிடுங்கினேன். இந்தப் பழியை நீ என்னிடம் கேட்கலாம். மதில்மேல் நிற்பதிடம் எப்படிக் கேட்பாய்?"

கொற்றன் கன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். இலைகள் அதற்குள் துவளத் தொடங்கியிருந்தன.

"அப்படியானால் எயினன் குற்றமற்றவனா?"

"ஆற்றூருக்குப் போய் அப்படிச் சொல்லிப் பார்."

"பின் கல்லில் யாரை நிறுத்துவேன்? பொறி செய்த கொல்லனையா? மதிலில் ஏற்றிய தளபதியையா? அரசனையா?" அவன் குரல் தாழ்ந்தது. "எழுதியவனையா?"

அம்மையார் விரல்களில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அந்தக் கல்லில் எத்தனை பேர் நிற்கலாம்?"

"ஒருவர்தான்."

"தீர்ப்பு எழுதுமுன் கல்தச்சனை அழை."