தொடுவானத்துக் கப்பல்

சீடர் வீரமலைக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய குரு மதுரவல்லிக்கு அவர் மகள் வயது. பழைய ஓவியங்களில் படிந்த அழுக்கை நீக்கிச் சீர்படுத்துவது அவள் தொழில். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற வீரமலை ஒருநாள் அவளிடம் வந்தார்.

"எனக்கும் இதைக் கத்துக்குடுங்க டீச்சர்."

"எதுக்கு சார்?"

"நம்ம கோத்தகிரி நூலகத்துல ஒரு கடல் படம் இருக்கு. வரவர கறுத்துக்கிட்டே போகுது."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் படம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஓர் ஆங்கிலேயன் வரைந்தது. மலைக்குக் குடிவந்த ஒரு துரை கொண்டுவந்து மாட்டியது. மூன்று பாய்மரங்கள் உள்ள பெரிய கப்பல் ஒன்று காற்றுக்குச் சாய்ந்து அலைமேல் ஏறிக்கொண்டிருக்கும். அதன் பின்னால் சிறிய கப்பல்கள் இரண்டு. படத்தின் அடியோரத்தில் ஈர மணல். எந்த மேட்டில் ஏறி நின்றாலும் தேயிலையும் பனியும்தான் தெரிகிற ஊரில், அந்த ஒரு சுவரில் மட்டும் கடல் இருந்தது.

வீரமலை அந்தக் கப்பல்களைப் பார்க்க வரவில்லை. தொடுவானத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கரும்புள்ளி. போய் மறையப்போகிற இன்னொரு கப்பல். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த நாள்முதல் அவர் அதைத்தான் பார்த்துவந்தார். வேலை கிடைத்த அன்றைக்குப் பார்த்தார். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரமும் போய் நின்றார்.

படத்தைச் சுத்தம் செய்ய நூலகத்தார் சம்மதித்தார்கள். படத்தை இறக்கி மேசையில் கிடத்தினார்கள். குருவும் சீடரும் வானத்திலிருந்து தொடங்கினார்கள். கரைசலில் தோய்த்த பஞ்சில் பழைய வார்னிஷ் வெல்லப்பாகுபோல வந்தது. அடியிலிருந்து வெளிறிய நீலமும், பொழுது விடிகிறதோ அடைகிறதோ தெரியாத ஒரு ரோஜா நிறமும் எழுந்தன.

"இது இருட்டு வானம்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார் வீரமலை.

தொடுவானத்தை நெருங்கியதும் அவர் கை நின்றது. மதுரவல்லி அவரைப் பார்த்தாள். புள்ளியைப் பார்த்தாள். உருப்பெருக்கிக் கண்ணாடியை அவரிடம் நீட்டினாள்.

"பாருங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். பாய் இல்லை. மரம் இல்லை. உருண்டையாக ஒரு பொருக்கு.

"என்ன டீச்சர் இது?"

"ஈயோட எச்சம். வார்னிஷுக்கு மேல இருக்கு. ஓவியர் வரைஞ்சதில்ல."

வீரமலை கண்ணாடியை மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"படத்தை இறக்கின அன்னிக்கே தெரியும். நீங்க இதைப் பார்க்கத்தான் வர்றீங்கன்னு இப்பத்தான் தெரியும்."

அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"எனக்கு ஒரு அக்கா. பவளம்னு பேரு. எங்களுக்கு இந்தியாவுக்குப் போங்கன்னு சர்க்கார் சீட்டு வந்துச்சு. அவ கட்டிக்கிட்ட வீட்டுக்கு அங்கேயே இருங்கன்னு வந்துச்சு. கண்டி ஸ்டேஷனோட நின்னுக்கன்னு அப்பா சொன்னாரு. கேக்கல. ரயில் கோச்சியில ஏறி எங்ககூடவே தலைமன்னார் வரைக்கும் வந்துட்டா. நாங்க கப்பல்ல ஏறிட்டோம். அவ கரையில நின்னா. எம்பத்திமூணு கலவரத்துக்கு அப்புறம் அவகிட்டருந்து ஒரு தகவலும் இல்ல."

"தேடினீங்களா?"

"போய்க்கூடப் பார்த்துட்டு வந்தேன். நாங்க இருந்த தோட்டத்து லயத்து வீட்டுல இப்ப வேற ஆளுங்க இருக்காங்க."

மதுரவல்லி பஞ்சுக்குச்சியைக் கீழே வைத்தாள்.

"இந்த இடத்தை மட்டும் சுத்தம் பண்ணாம விட்டுடலாம் சார். வெளுத்த வானத்துல பழுப்பா ஒரு திட்டு நிக்கும். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

வீரமலை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இத்தனை வருஷமா ஒரு ஈ எச்சத்தைப் பார்த்துக்கிட்டா டீச்சர் நான் நின்னேன்?"

 அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். கரைசலின் நெடி மெல்லக் குறைந்தது.

"அன்னிக்கு உங்க அக்கா கரையில எவ்வளவு நேரம் நின்னிருப்பாங்க?"

"அவளா? ரொம்ப நேரம் நின்னிருப்பா. பிடிவாதக்காரி. திரும்பிப்போற கோச்சியக்கூட விட்டிருப்பா."

"கப்பல் கண்ணுக்கு மறைஞ்சதுக்கு அப்புறமுமா?"

"அப்புறமும்தான்."

"அப்ப எதைப் பார்த்துக்கிட்டு நின்னிருப்பாங்க, சார்?"

  வீரமலை எழுந்து மேசையருகே போனார். குச்சியில் புதுப் பஞ்சைச் சுற்றி, கரைசலில் தோய்த்து, தொடுவானத்தில் அந்தப் புள்ளியின்மேல் வைத்தார்.