உப்பில் வரைந்த வாய்

மேபல் டீச்சருக்கு உப்பு விளைகிற சத்தம் கேட்கும் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

போனில் பேசிப் பிழைக்கிற கம்பெனிப் பிள்ளைகளுக்குச் சென்னையில் இங்கிலீஷ் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தவர் அவர். சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்துக் காது கூர்மையாகிவிட்டது. கடைசியில், அடுத்த தெருவில் கொசு கொட்டாவி விட்டால்கூட டீச்சருக்குத் தூக்கம் கலைந்துவிடும் என்கிற நிலைமை. அதனால்தான் ஆள் அரவமில்லாத உப்பளத்து நடுவில் ஓர் ஓட்டுவீட்டுக்குக் குடிவந்தார். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அவர் பேசப் பழக்கிய பிள்ளைகள் எல்லாம் உலகம் முழுக்க யார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சரிடம் பேசத்தான் யாரும் வரவில்லை.

தொம்மை வந்தார்.

தொம்மை மீன் துறைமுகத்தில் ஏலம் கூவி ஓய்ந்தவர். டீச்சரைவிட இருபது வயது மூப்பு. அந்தக் காலத்தில் அவர் ஒரு விலையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த விலை ஓடிவந்து அதன் வாலை மிதிக்கும். ஒரு நாள் கூவின கூவலில் மேல்வரிசை முன்பல் நாலும் தெறித்து வாவல் மீன் கூடைக்குள் விழுந்துவிட்டது. நிறுத்தினாரா? பல்லோடு சேர்த்துக் கூடையை ஏலம் விட்டபிறகுதான் வாயைத் துடைத்தார்.

வாசலில் நின்றபடியே கேட்டார்.

"டீச்சர், எனக்கு இங்கிலீஷ்ல ஒரே ஒரு சொல்லு வேணும்."

"என்கிட்ட சொல் கிடையாது அண்ணாச்சி. சத்தம்தான் இருக்கு."

"அதுதான் வேணும். பேத்தி பேரு."

"சொல்லுங்க."

தொம்மை மூச்சை இழுத்துக்கொண்டார். "பேயித்து."

டீச்சர் முகம் மாறவில்லை. "என்ன அர்த்தமாம்?"

"விசுவாசமாம். மவன் ரெக்ஸ், கப்பல் வேலைக்குப் போனவன், நியூசிலாந்துல ஒரு வெள்ளக்காரப் பிள்ளையக் கட்டிக்கிட்டான். அந்தப் பிள்ளை வச்ச பேரு. விசுவாசம்னு கூப்பிட்டா பேத்திக்கு விளங்காது. பேயித்துன்னு கூப்பிட்டா..."

"கூப்பிட்டா?"

"பக்கத்து வீட்டு ரெஜினா தீர்த்தத்தத் தூக்கிக்கிட்டு ஓடி வாரா. தொம்மை வீட்ல பேயி பேயின்னு சத்தம் கேக்குன்னு."

டீச்சர் சிரித்துவிட்டார். தொம்மை சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் போன்ல படம் வரும். மவன் இப்ப கப்பல்ல கிடக்கான். மருமவதான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அவ பேசுதது எனக்கு விளங்காது, நான் பேசுதது அவளுக்கு விளங்காது. நடுவுல பிள்ளை மூஞ்சி தெரியும். நான் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். உடனே போகச் சொல்லிரும்."

"யாரை?"

"என்னையத்தான். பேரைப் போட்டுக் கொல்லுதானே கிழவன்னு கோவம். இருக்காதா? ஒருத்தன் நம்மளத் தொம்பை தொம்பைன்னு கூப்பிட்டா நாம திரும்பிப் பாப்பமா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பிள்ளை போன்னு சொன்னபெறவு நிக்கிறது மரியாதையா? போனை வச்சிருவேன்."

வைத்தபிறகு வீட்டில் குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் இருக்கும். மனைவி செசிலி இறந்தபின் அவரே வைக்கிற குழம்பு. ஒரு தட்டு, ஒரு தம்ளர். சில நாள் கையைக் கழுவிவிட்டு, மிச்சக் குழம்பைச் சுவரிடம் ஏலம் விட்டுப் பார்ப்பார். சுவர் எந்த விலையும் கேட்டதில்லை. இதையெல்லாம் அவர் டீச்சரிடம் சொல்லவில்லை.

"அந்தப் பேரை ஒழுங்காச் சொல்லிட்டா பிள்ளை கொஞ்ச நேரம் நிக்கும் டீச்சர். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

டீச்சர் எழுந்தார். "வாங்க."

வெளியே வாரிக் குவித்த உப்பு வெயிலில் கண்ணைப் பறித்தது. டீச்சர் ஒரு குவியலின் தலையைக் கையால் தட்டையாக்கினார்.

"பேரை அவங்க எழுதுற எழுத்தைப் பார்க்காதீங்க. அந்த எழுத்தெல்லாம் பொய்க்காரப் பயலுக. ஒரே எழுத்து இங்கே ஒரு சத்தம் போடும், அங்கே வேற சத்தம் போடும். சில எழுத்து வாயே திறக்காது. நான் உச்சரிப்புக்குன்னே இருக்கிற எழுத்துத் தாரேன். ஒரு எழுத்துக்கு ஒரே சத்தம். எந்த ஊர்க்காரன் வாயில வச்சாலும் அதே சத்தம்."

"ஆளைப் பாத்து விலை சொல்லாதுன்னு சொல்லுங்க."

"சொல்லாது."

விரலால் உப்பில் முதல் எழுத்தைப் போட்டார். தொம்மை குனிந்து பார்த்தார்.

"தூண்டில் முள்ளு."

"அப்படியே வச்சுக்குங்க. மேல்பல் கீழுதட்டுல பட்டும் படாம உக்காரணும். காத்து வழியணும். வெடிக்கக் கூடாது."

அப்புறம் ஓர் எழுத்து, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு குட்டியாய் இன்னொன்று. 'ஏ'யில் கிளம்பி 'இ'யில் போய்ச் சேர வேண்டும் என்றார். கடைசியாக ஒரு முட்டை வரைந்து, அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"இது என்ன முட்டை டீச்சர்?"

"முட்டை இல்ல, வாய். குறுக்கே இருக்கிறது நாக்கு. ரெண்டு வரிசைப் பல்லுக்கும் நடுவுல எட்டிப் பாக்குது. அப்படியே ஊதணும்."

தொம்மை ஊதினார். முன்னால் ஊத வேண்டிய காற்று நாலு பக்கமும் போனது. டீச்சர் அவர் வாய்க்குள் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பேருக்கு முன்வாசல்லயும் பல்லு வேணும், பின்வாசல்லயும் பல்லு வேணும். உங்ககிட்ட வாசல் மட்டும்தான் இருக்கு."

அடுத்த மாதம் தொம்மை பல் கட்டிக்கொண்டு வந்தார். தூண்டில் முள்ளை முதல்முதலாக ஊதினபோது செட்டுப்பல் பறந்து போய் உப்புப் பாத்தியில் விழுந்தது. தேடி எடுத்துக் கழுவிப் போட்டுக்கொண்டார். அந்தப் பாத்தியில் வாரின உப்பு இன்றைக்கும் நாக்கைக் கடிக்கும் என்று அளத்து ஆட்கள் சொல்கிறார்கள்.

டீச்சர் அவர் உள்ளங்கையில் பொடி உப்பைப் பரப்பி வாய்க்கு நேரே பிடித்தார்.

"பழைய மாதிரி பேரைச் சொல்லுங்க."

"பேயித்து."

உப்பு திடுக்கென்று ஒரு துள்ளு துள்ளி நின்றது.

"உப்பு பயப்படுது. பயப்படாம ஊர்ந்து போகணும். எறும்பு மாதிரி."

தொம்மை உப்பை ஊரப் பழக்கினார். நடந்து போகும்போது ஊதினார். பஸ்ஸில் ஊதினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "டயர்ல காத்து எறங்குதா?" என்றான். கோயிலில் எல்லோரும் விசுவாசப் பிரமாணம் சொன்னபோது இவர் மட்டும் பல்லுக்கிடையே நாக்கை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, முன் பெஞ்சுப் பிள்ளை பதிலுக்கு நாக்கை நீட்டியது.

பாடத்துக்கு நாள் கணக்கில்லை. சாயங்காலம் அவர் வருகிற நேரத்துக்கு டீச்சர் இரண்டு தம்ளரில் கருப்பட்டிக் காப்பி ஆற்றி வைக்கத் தொடங்கியிருந்தார். பாடம் இல்லாத நாளிலும் ஆற்றிவிட்டு, இரண்டாவது தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு சாயங்காலம், பேர் வந்தது.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை."

வந்தது. உள்ளங்கையில் உப்பு ஊர்ந்து, விரலிடுக்கில் வழிந்தது.

"இதுல குத்தம் சொல்ல என் காது பத்தாது அண்ணாச்சி."

தொம்மை கையைத் தட்டிக்கொண்டார். "இனி பிள்ளை நிக்குமா டீச்சர்?"

"சத்தம் சரி. நிக்கிறதும் நிக்காததும் நான் சொல்லித்தாரதில்ல."

ஞாயிற்றுக்கிழமை தொம்மை மகன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்தக் கல்யாணம் நியூசிலாந்திலேயே நடந்து முடிந்துவிட்டதால் மடிப்புக் கலையாத சட்டை. போனை மாதா படத்துக்குக் கீழே சாய்த்துவைத்து, எதிரில் உட்கார்ந்தார். மணி அடித்தது. அங்கே பொழுது சாய்ந்திருந்தது. பேத்தி ராத்திரிச் சட்டையில் இருந்தாள்.

தொம்மை பேரைச் சொன்னார்.

பிள்ளையின் கண் இரண்டும் பெரிதாயின. அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. துள்ளியது. பிறகு இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, வழக்கமாகச் சொல்கிற அதையே சொன்னது. ஒரு தடவை அல்ல, மூச்சு விடாமல்.

தொம்மை சிரித்த முகத்தோடு தானும் கையைத் தூக்கி ஆட்டினார். சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

உடனே போன் மறுபடி அடித்தது. எல்லா வாரமும் இப்படித்தான். மருமகளுக்குக் கை தவறிப் பட்டிருக்கும் என்று அவர் எடுப்பதில்லை. இந்த வாரம் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். அது தலையணைக்கு அடியில் கிடந்து அடித்து ஓய்ந்தது. சுவருக்கு ஏலம் விட அன்றைக்குக் குழம்பும் வைக்கவில்லை.

மறுநாள் உப்பளத்துக்குப் போனார். கைக்குட்டையில் முடிந்த செட்டுப்பல்லை டீச்சர் முன்னால் வைத்தார்.

"இது இனிமே வேண்டாம் டீச்சர். மீனைக் கடிக்கக்கூடத் தோதுப்படல."

"பேர் வரலையா?"

"வந்துது. நீங்க சொல்லித்தந்த மாதிரியே வந்துது."

"பிள்ளை?"

"முன்னெல்லாம் சும்மா விரட்டும். நேத்து துள்ளிக் குதிச்சு விரட்டுச்சு." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "பேருல ஒண்ணும் இல்ல டீச்சர். மூஞ்சிதான் பிடிக்கலபோல. மூஞ்சிக்கு எழுத்து இருக்கா உங்ககிட்ட?"

டீச்சர் கைக்குட்டை முடிச்சை அவர் பக்கமே தள்ளி வைத்தார்.

"அது என்ன சொல்லி விரட்டுச்சு?"

"அது எதுக்கு இப்ப?"

"அர்த்தம் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. சத்தத்தைச் சொல்லுங்க. அது வாயில வந்தது வந்தபடி."

தொம்மைக்குக் கோபம் வந்தது.

"டாட்டா! வேற என்ன? எடுத்த எடுப்புல டாட்டா. நான் வாயத் தொறந்தா டாட்டா. எங்க தெருவுல கைப்பிள்ளைகூட வந்தவனை உக்கார வச்சிட்டுத்தான் டாட்டா சொல்லும்."

டீச்சர் தலையைச் சாய்த்துக்கொண்டார். உப்பு விளைகிற சத்தத்தைக் கேட்கும்போது அப்படித்தான் சாய்த்துக்கொள்வாராம். பிறகு எழுந்து வெளியே போனார். தொம்மை பின்னால் போனார்.

டீச்சர் உப்பைத் தட்டையாக்கி, பக்கவாட்டில் ஒரு முகம் வரைந்தார். மூக்கு, உதடு, பல், பல்லுக்குப் பின்னால் ஈறு மேடு.

"இது உங்க வாய். பல்லை மாட்டிக்கிட்டு 'த' சொல்லுங்க."

"த."

"நாக்கு எங்கே போச்சு?"

"பல்லுல போய்த் தட்டுச்சு."

டீச்சர் பல்லைத் தொடுகிறமாதிரி நாக்கை வரைந்தார். பக்கத்தில் இன்னொரு முகம் வரைந்தார். சின்னது.

"இது பேத்தி வாய். அந்தப் பாஷையில நம்ம 'த' கிடையாது. ஊதுறதுக்குன்னா நாக்கு பல்லு வரைக்கும் வரும், முட்டைக்குள்ள கோடு போட்டேனே, அது மாதிரி. தட்டுறதுக்குப் பல்லு வரைக்கும் வராது. இந்த மேட்டுலயே நின்னுரும்."

சின்ன நாக்கை ஈறு மேட்டில் நிறுத்தினார்.

தொம்மை இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?"

"ஒரு அரிசி அகலம்."

"அதுக்கென்ன இப்ப?"

"உங்க மகன் கப்பலேறுறதுக்கு முன்னால பிள்ளைக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருப்பார். உங்களைக் கூப்பிடுறதுக்கு." டீச்சர் உப்பிலிருந்து கையை எடுத்தார். "நாக்கைப் பல்லுக்குக் கொண்டு போகாதீங்க. அந்த மேட்டுலயே நிறுத்திக்கிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லுங்க."

தொம்மை நாக்கை மேட்டில் வைத்தார். வாயைத் திறந்தார்.

ஊர் முழுக்கக் கேட்கக் கூவின அந்தக் குரல் தமக்கே கேட்காத மாதிரி வந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை உதடு மட்டும் அசைந்தது. பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

காற்று அடித்தது. உப்பில் வரைந்த இரண்டு முகத்தின் மேலும் பொடி உப்பு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

"அப்ப, பிள்ளை என்னையப் போகச் சொல்லலியா டீச்சர்?"

"அது வாராவாரம் கூப்பிட்டிருக்கு அண்ணாச்சி. டாட்டா காட்டினது நீங்க."