ஆள்காட்டிக்குப் பக்கத்து வீடு இல்லாமல் போன கதை

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆள்காட்டிக் குருவிக்கும் மரத்தில்தான் வீடு. குளக்கரைக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் வரிசையாகக் கூடு பின்னியிருந்தன. அந்த வரிசையின் கடைசிக் கூட்டை ஒட்டி ஆள்காட்டியின் கூடு. இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

ஆள்காட்டியின் பெயர் சிவத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த தூக்கணாங்குருவி பவுனாள். அங்கே முட்டையைத் திருப்பிப் போட்டால் இங்கே கேட்கும். இங்கே குஞ்சு ஏப்பம் விட்டால் அங்கே கேட்கும். "மதினி, மூத்தவனுக்குச் செரிக்கல போல. புழுவைக் கொஞ்சம் கொறைங்க" என்பாள் சிவத்தாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சிவத்தாளுக்குக் கால் நீளம், கண்ணோ கேட்கவே வேண்டாம். சாரைப்பாம்பு தூரத்து வரப்பில் தலை தூக்கும்போதே பார்த்துவிடுவாள். பார்த்ததும் குளக்கரையே அதிரக் கத்துவாள். குருவிகள் கூட்டமாகப் போய்ப் பாம்பின் தலையில் கொத்தும். பெரும்பாலும் பாம்பு திரும்பிவிடும். சில நாள் திரும்பாது; ஏதாவது ஒரு கூடு காலியாகும். தப்பித்த நாட்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

தூக்கணாங்குருவிக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாரைக் கண்டால் முடிச்சுப் போட்டுவிடும். நாரோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் சேர்த்துப் போட்டதுதான் வினை.

அந்த மழைக்காலத்தில் மஞ்சமுடியான் என்ற பெரிய குருவியின் கூட்டில் பாம்பு புகுந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"இவ கத்துறா, பாம்பு வருது. எப்பவும் இப்படித்தான். இவ கத்தாத அன்னிக்கு என்னிக்காவது வந்திருக்கா? சொல்லுங்க பாப்போம்."

குருவிகள் நாட்களை எண்ணிப் பார்த்தன; அப்படி ஒரு நாள் அகப்படவில்லை.

"பாம்பு வர்றதைப் பாத்துத்தானே அண்ணாச்சி கத்துறேன்" என்றாள் சிவத்தாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டும் சேந்தேதான் வருது."

எல்லாரும் தலையாட்டினார்கள். சிவத்தாளின் கூட்டை அறுத்துவிடுவது என்று முடிவானது. பின்னிய வீட்டார்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்தச் சுவர் பவுனாள் வீட்டுச் சுவர்.

பவுனாளுக்கு உண்மை தெரியும். அடுத்த வீட்டுக் குஞ்சு போன நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் சிவத்தாள் விம்முவதைக் கேட்டவள் அவள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டுக்குள் கண் திறந்தும் திறக்காத பிள்ளைகள் கிடந்தன. ஒருவேளை அண்ணாச்சி சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? இந்த 'ஒருவேளை'யைப் போலப் பாழாய்ப்போனது வேறொன்று இல்லை. அவள் அலகால் முடிச்சை அவிழ்த்தாள்.

கூடு நடுச்சுவரையும் பிய்த்துக்கொண்டு கிளையில் சரிந்து, மெல்லக் கீழே வந்து, சரளைக்கல் மேட்டில் விழுந்தது. முட்டைகள் உடையவில்லை. சேறு மட்டும் திட்டுத்திட்டாக அப்பிக்கொண்டது. சிவத்தாள் இறங்கிப்போய், விழுந்த இடத்திலேயே அவற்றின்மேல் உட்கார்ந்தாள்.

மேலிருந்து மஞ்சமுடியான் சொன்னார்: "இனி வாயைத் தொறந்தே, அந்த முட்டையும் இருக்காது."

மறுநாள் நடுப்பகலில் சாரை வந்தது. குருவிகள் வயலுக்கு மேயப் போயிருந்தன. பாம்பு சிவத்தாளுக்கு மிக அருகில் ஊர்ந்து மரத்தில் ஏறியது. கத்தல் அலகு நுனிவரை வந்துவிட்டது. வயிற்றுக்கடியில் முட்டைகள் சுட்டன. அலகை இறுக்கி மூடிக்கொண்டாள். பாம்பு வரிசையின் கடைசிக் கூட்டில்தான் நுழைந்தது. அந்தப் பக்கம்தான் இப்போது சுவர் இல்லையே.

பவுனாள் திரும்பி வந்தபோது கூட்டில் பிஞ்சு இறகு ஒன்றுதான் மிச்சம் கிடந்தது. அலறிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"மதினி, நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துமா கத்தல?"

"கத்தக் கூடாதுன்னீங்களே."

பவுனாள் மண்ணில் விழுந்து அழுதாள். சிவத்தாளும் அழுதாள். மூத்தவனுக்குச் செரிக்காததை முதலில் கேட்டவள் அவள்தானே.

"மேல வந்துருங்க மதினி. நானே சுவர் பின்னித் தர்றேன்."

"வேண்டாம்மா. பக்கத்துல இருந்தாத்தானே பழி வரும்? நான் இங்கயே கெடக்கேன். ஆனா வாயை மூடிட்டு இருந்தேன் பாருங்க, அந்தப் பாவம் என்னை விடாது. இனிமே ஆள் வந்தாலும் கத்துவேன், நாய் வந்தாலும் கத்துவேன். கேக்கிறவங்க கேட்டுக்கட்டும்."

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தில் உட்காருவதில்லை. சுவரில்லாத சரளைமேட்டில் திட்டுத்திட்டான முட்டைகளை இட்டு, யாருக்கும் பக்கத்து வீடாக இல்லாமல் கிடக்கிறது. எது நெருங்கி வந்தாலும் கத்திக் கத்திச் சொல்கிறது. அதைக் கேட்கும்போது, "இது கத்தினா ஏதோ கெட்டது வரும்" என்று நாமும் கல்லைத்தான் தேடுகிறோம்.