தணிகாசலத்தின் காரும் அதன் குட்டியும்

கொக்கரைப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே மருதப்பன் சைக்கிள் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாருக்கும் காற்றடித்துத் தர மாட்டார்கள். அன்றைக்கு அது கடை இல்லை. கொக்கரைப்பட்டி சிறு கார் சங்கத்தின் அலுவலகம்.

சங்கத்தில் நான்கு பேர். கடை தன்னுடையது என்பதால் மருதப்பன் தலைவர். வாட்ச் ரிப்பேர் செய்யும் ஹபீப் பாயிடம் சின்னத் திருப்புளிகளும், சாமணமும், கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸும் இருந்தன. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் லூர்துவிடம் பிரஷ்கள் இருந்தன. அவற்றில் மிகச் சிறியது உள்ளங்கை அகலம். டாக்ஸி ஓட்டும் தணிகாசலத்திடம் கருவி எதுவும் இல்லை. ஆனால் நால்வரில் நிஜக் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

பெட்டியில் துண்டு துண்டாக வரும் குட்டிக் கார்களை ஒட்டி, வண்ணமடித்து, அசல் கார் போலவே நிறுத்துவதுதான் சங்கத்தின் வேலை. இதுவரை ஒரு காரைச் செய்து முடித்திருந்தார்கள். அது பார்ப்பதற்குக் கப்பல் போல இருந்ததால், ஏதாவது கப்பல் சங்கத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கொக்கரைப்பட்டியில் அப்படி ஒரு சங்கம் இல்லாததால் அது அலமாரியிலேயே இருந்தது.

ஒரு ஞாயிறன்று தணிகாசலம் வாடிய முகத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வந்தது. தொடவில்லை.

"என்ன அண்ணே, டீ ஆறுதே?" என்றான் லூர்து.

"ஆறட்டும். என் வண்டியையே விக்கப் போறேன். டீ ஆறினா என்ன?"

மூவரும் திடுக்கிட்டார்கள். தணிகாசலத்தின் கார் மயில் நீல நிறத்து அம்பாசடர். ஊரில் பாதிப் பேர் கல்யாண மண்டபத்துக்குப் போனது அதில்தான். பிறகு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். இப்போது சவாரி குறைந்துவிட்டது. பக்கத்து ஊர் அரிசி ஆலை நாச்சிமுத்து விலை பேசி முடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு காலையில் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

"கார் போனா போகட்டும்," என்றார் தணிகாசலம். "ஆனா அதே மாதிரி, அச்சு அசலா, ஒரு குட்டிக் கார் எனக்குச் செஞ்சு குடுங்கப்பா. அதைப் பார்த்துக்கிட்டாவது இருக்கேன். இல்லேன்னா எனக்குச் சோறு இறங்காது."

ஹபீப் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் லென்ஸ் மாட்டியிருந்ததால் லென்ஸைத்தான் துடைத்தார்.

"சங்கம் இருக்கறது எதுக்கு?" என்றார் மருதப்பன். "செய்யறோம்."

கோயம்புத்தூரில் அம்சவேணி மேடம் என்று ஒருவர் இருக்கிறார். குட்டிக் கார் செய்வதில் கைதேர்ந்தவர். கார் பெட்டியைப் பார்சலில் அனுப்பிவைத்தவரும் அவர்தான். புதன்கிழமை அது வந்து சேர்ந்ததும் சங்கத்தார் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க," என்றார் மேடம். "இது இருபத்துநாலில் ஒரு பங்கு மாடல். அசல்ல எது எவ்வளவோ, அதுல இருபத்துநாலில் ஒரு பங்கு இதுல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மேடம்," என்றார்கள் நால்வரும். இந்த விஷயத்தில் மட்டும் அவர்கள் சொன்னது உண்மை. கடைசிவரை அதை அவர்கள் மறக்கவே இல்லை.

பாகங்களை ஒட்டும் வேலை ஹபீப் பாயுடையது. அழகாக ஒட்டினார். கடைசியில் ஒரு சின்னத் துண்டு மிச்சமாகிவிட்டது.

"இது எங்கே போகணும் பாய்?" என்று கேட்டார் தணிகாசலம்.

"எங்கேயும் போக வேண்டாம். வாட்ச்லயும் இப்படி ஒண்ணு மிஞ்சும். மிஞ்சினாத்தான் சரியா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

அடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். "முன்னயும் பின்னயும் தேய்க்காதீங்க. ஒரே திசையில தேய்க்கணும்," என்று மேடம் சொல்லியிருந்தார். எந்தத் திசை என்று சொல்லவில்லை. கொஞ்ச நேர விவாதத்துக்குப் பிறகு, கிழக்கு மங்களகரமானது என்று முடிவாயிற்று.

லூர்து கிழக்கே பார்த்து நின்று ஓர் இழுப்பு இழுத்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"கையைத் திரும்பக் கொண்டாந்தா அது மேற்கு ஆயிடுமே, தலைவரே?"

மருதப்பன் யோசித்தார். பையன் சொல்வது சரிதான். "அப்ப திரும்பாதே. போய்க்கிட்டே இரு."

லூர்து உப்புத்தாளைக் கிழக்கே தள்ளிக்கொண்டே நடந்தான். அவனுக்கு முன்னால் காரைப் பிடித்தபடி ஹபீப் பாய் பின்பக்கமாக நடந்தார். தபால் ஆபீஸைத் தாண்டி, ஏரிக்கரை வந்து, முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற பிறகுதான் மேலே போக வழியில்லை என்று தெரிந்தது. உப்புத்தாளைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் வீடு திரும்பினார்கள். கார் வழவழப்பாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பெயிண்ட். "பெயிண்ட் படக் கூடாத இடத்துக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க," என்றார் மேடம்.

"பெயிண்ட் எங்கெல்லாம் படக் கூடாது?" என்று கேட்டார் மருதப்பன்.

"சட்டையில படக் கூடாது. வீட்டுல திட்டுவா," என்றார் தணிகாசலம்.

"என் தாடியில படக் கூடாது," என்றார் ஹபீப் பாய்.

"சைக்கிள் சீட்டு, கல்லாப்பெட்டி, காலண்டர்ல சாமி படம், ஒண்ணுலயும் படக் கூடாது," என்றார் மருதப்பன்.

எல்லாவற்றுக்கும் ஒட்டினார்கள். நால்வரும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை டேப் சுற்றிக்கொண்டு, முழங்கால் மடங்காமல் நின்றார்கள். காரின் கண்ணாடிகளுக்கு ஒட்டலாம் என்று வந்தபோது டேப் சுருள் தீர்ந்துவிட்டது.

"பரவாயில்ல," என்றார் தலைவர். "முக்கியமான இடமெல்லாம் முடிஞ்சுது."

எவ்வளவு பெயிண்ட் என்பது அடுத்த கேள்வி. "அசல் காருக்கு மூணு லிட்டர்," என்றான் லூர்து. "இதுக்கு இருபத்துநாலில் ஒரு பங்கு." அளந்து பார்த்தார்கள். ஒரு தம்ளர் வந்தது. வெற்றிலைப் பெட்டி அளவுள்ள காரின்மேல் அந்த ஒரு தம்ளரையும் ஊற்றினார்கள். காரைக் காணவில்லை. பெயிண்ட் மெல்ல வழிந்த பிறகு, கூரை, கதவு, கண்ணாடி எல்லாம் ஒரே மயில் நீலமாக, கார் மறுபடி தென்பட்டது.

"காஞ்சுடுச்சா?" என்று மருதப்பன் கூரையில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். காயவில்லை. விரல் ரேகை அழகாகப் பதிந்தது.

"தூசி படாத இடத்துல காய வைக்கச் சொன்னாங்க," என்று நினைவுபடுத்தினான் லூர்து.

கொக்கரைப்பட்டியில் தூசி படாத இடம் எது? பெரிய விவாதம் நடந்தது. ஹபீப் பாய்தான் விடை கண்டுபிடித்தார்.

"மீன் மேல தூசி ஒட்டி யாராவது பார்த்திருக்கீங்களா?"

ஒருவரும் பார்த்ததில்லை. காரை பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் காய வைத்தார்கள்.

சனிக்கிழமை காலையிலும் அது காயவில்லை. மேடத்துக்குப் போன் போட்டார்கள்.

"எங்கே காய வெச்சீங்க?"

"தண்ணிக்குள்ளங்க மேடம்."

மேடம், பாடம் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "வெளியே எடுங்க. சக்கரம் தரையில படாம, அடியில நாலு முட்டுக் கொடுத்து ஒரு பலகை மேல வைங்க. அதுக்கப்புறம் அது முழுசாக் காயற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமா!"

"அசல் கார் கையில இருக்கும்போதே பக்கத்துல வெச்சு ஒத்துப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது. எல்லாம் முடிஞ்சதும் ஒரு நாள் இங்கே கொண்டாந்து காட்டுங்க."

நான்கு சோடா மூடிகளின்மேல் குட்டிக் காரை நிறுத்தினார்கள். தணிகாசலம் தன் காரைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தார். ஹபீப் பாய் லென்ஸ் வழியாக இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வித்தியாசம் இருக்கு," என்றார்.

தணிகாசலத்தின் முகம் தொங்கிவிட்டது. "நாளைக்குக் காலையில நாச்சிமுத்து வந்துடுவாரே! குட்டியைத் தொட்டுச் சரி பண்ணலாம்னா சத்தியம் வேற பண்ணியாச்சு."

நால்வரும் யோசித்தார்கள். கடைசியில் லூர்துதான் வாய் திறந்தான்.

"குட்டியைத்தானே அண்ணே தொடக் கூடாது? பெருசைத் தொடலாமில்ல?"

தணிகாசலம் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உடம்பில் மிச்சமிருந்த டேப்பால் இருவரும் கொஞ்ச நேரம் பிரிய முடியவில்லை.

அன்று பகல் முழுக்க வேலை நடந்தது. குட்டிக் காரின் கண்ணாடிகள் நீலம். ஆகவே லூர்து அசல் காரின் முன் கண்ணாடி, பின் கண்ணாடி, கதவுக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் மயில் நீலம் அடித்தான். குட்டி நான்கு முட்டுகளின்மேல் நின்றது. ஆகவே ஜாக்கி போட்டு அசலைத் தூக்கி, அடியில் செங்கல் அடுக்கி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் நிறுத்தினார்கள்.

"கூரையில என் கட்டை விரல் ரேகை இருக்கே," என்றார் மருதப்பன். தன் விரலை நீட்டிக்கொண்டு அசல் காரின் கூரைமேல் ஏறினார்.

"இறங்குங்க தலைவரே," என்றார் ஹபீப் பாய் கண்டிப்பாக. "குட்டியில இந்த அளவுன்னா, அசல்ல இருபத்துநாலு மடங்கு."

கூரையில் முறத்தைவிடப் பெரிய ரேகை ஒன்று உருவானது. ஹபீப் பாய் மருதப்பனின் விரலை லென்ஸில் பார்த்து, "இங்கே வளையுது, இங்கே சுழி," என்று சொல்லச் சொல்ல, லூர்து ஒவ்வொரு கோடாக இழுத்தான். இப்போது இரண்டுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை.

ஞாயிறு காலை நாச்சிமுத்து வந்தார். காரைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றி வந்தார்.

"ஏனுங், கண்ணாடி என்ன ஆச்சு?"

"குட்டியிலயும் அப்படித்தானுங்க," என்றார் மருதப்பன்.

"கூரை மேல என்னங்க அது?"

"என் கட்டை விரலுங்க."

நாச்சிமுத்து அவருடைய கட்டை விரலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்.

"வேண்டாம்னுட்டாரா?" என்று கேட்டார் தணிகாசலம். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கண் மின்னியது. "அப்ப வண்டி எனக்கேவா?"

"பெருசும் உனக்கு, குட்டியும் உனக்கு," என்றார் தலைவர். "வா, மேடத்துக்கிட்ட ரெண்டையும் காட்டிட்டு வந்துடலாம். கடையைப் பூட்டறேன்."

நால்வரும் காரில் ஏறினார்கள். குட்டியைத் தொடாமல், பலகையோடு மடியில் வைத்துக்கொண்டார் ஹபீப் பாய். தணிகாசலம் இன்ஜினைக் கிளப்பி கியர் போட்டார். பின்சக்கரங்கள் அந்தரத்தில் விர்ரென்று சுழன்றன.

"முன்னாடி ஒண்ணும் தெரியலையே அண்ணே?" என்றான் லூர்து.

"எனக்கென்னத்துக்குத் தெரியணும்? கோயம்புத்தூர் ரோடு எனக்கு மனப்பாடம்." வளைவு வர வேண்டிய இடங்களில் ஸ்டியரிங்கை வளைத்தார். பள்ளிக்கூடம் வர வேண்டிய இடங்களில் ஹாரன் அடித்தார்.

"மீட்டர்ல அறுபது," என்றார் மருதப்பன் வியந்து. "ஒரு குலுக்கல் இல்ல. ரோட்டைப் புதுசாப் போட்டுட்டாங்க போல."

"என் மடியில குட்டி அசையவே இல்ல," என்றார் ஹபீப் பாய்.

"இந்த வண்டியையா விக்கப் பார்த்தேன்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார் தணிகாசலம். வழக்கமாக ஆகும் நேரம் ஆனதும் பிரேக்கை மிதித்து, "இறங்குங்க. கோயம்புத்தூர் வந்தாச்சு," என்றார்.

இறங்கினார்கள். எதிரே பேருந்து நிலையம். இந்தப் பக்கம் மருதப்பன் சைக்கிள் கடை.

மருதப்பன் பெயர்ப் பலகையைப் பார்த்து அசந்து நின்றார். "எனக்கு இங்கே ஒரு கிளை இருக்கறதே தெரியாம இருந்திருக்கேன்!" சந்தேகத்தோடு தன் சாவியைப் போட்டுப் பார்த்தார். பூட்டு திறந்துகொண்டது.

உடனே மேடத்துக்குப் போன் போட்டார். "மேடம், கோயம்புத்தூர் வந்துட்டோம். உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?"

"அப்படியா! இப்ப எங்கே நிக்கறீங்க?"

"மருதப்பன் சைக்கிள் கடை வாசல்லங்க."

"அப்படி ஒரு கடை இங்கே எங்கேயும் இல்லையே!"

மருதப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்றவர்களிடம் வருத்தத்தோடு சொன்னார்:

"பாவம். வேலை வேலைன்னு உட்கார்ந்து, சொந்த ஊரையே சரியாச் சுத்திப் பார்த்ததில்ல போலிருக்கு."